தாம்பரத்தில் நாலாவது ஆள்

விமான நிலையத்தை விட்டு வெளியே வந்தால் மாலை, பூச்செண்டு, பேர் எழுதிய அட்டை என்று ஆளுக்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். என்னை அழைத்துப்போகச் சிவப்பில் 'எல்' போட்ட ஒரு கார் வந்து நின்றது. ஓட்டுநர் இருக்கையில் கண்ணாடி போட்ட ஓர் அம்மா, ஓடும் ரயிலில் கம்பியைப் பிடிப்பதுபோல ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்து இருக்கையிலிருந்து இறங்கி வந்தவள்தான் ஷமீமா.

"கோகிலா மேடத்துக்கு இன்னைக்கு கிளாஸு. கேன்சல் பண்ணா கோச்சுக்குவாங்க. அதான் ரெண்டையும் ஒண்ணா முடிச்சிடலாம்னு வந்துட்டேன்," என்றாள்.

ஒரு வருடத்துக்கும் மேலாகப் போன் திரையில் மட்டும் பார்த்த முகம். கட்டிப்பிடிக்கலாமா, சுற்றி இத்தனை பேர் இருக்கிறார்களே என்று நான் கணக்குப் போடுவதற்குள் பெட்டியைத் தூக்கி டிக்கியில் போட்டுவிட்டாள். பின்கதவைத் திறந்துவிடும் சாக்கில் என் கையை ஒருமுறை அழுத்திவிட்டுப் போனாள். விமானத்தில் வந்த களைப்பு அதோடு சரி.

ஷமீமா எனக்கு யார் என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு ஊர் மலேசியாவில் கிள்ளான். அங்கே ஜாக்கெட், பாவாடை தைக்கும் கடை வைத்திருக்கிறேன். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தேன், அதற்கு மேல் கற்றதெல்லாம் அளவு கொடுக்க வருகிற பெண்களின் வாயிலிருந்துதான். என் கடைக்கு எதிரே ஷமீமாவின் அண்ணன் சாப்பாட்டுக் கடை நடத்துகிறார். அவருக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது, கல்லாவைப் பார்த்துக்கொள்ளத் தாம்பரத்திலிருந்து தங்கை வந்தாள். நான் காலையில் ரொட்டி சானாய் சாப்பிடப் போகிறவள். போகப்போக, ரொட்டி தீர்ந்த பிறகும் அங்கேயே உட்கார்ந்திருக்க ஆரம்பித்தேன். ஊருக்குத் தோழிகள் என்று சொல்லிக்கொண்டோம். எங்களுக்குள் அந்தச் சொல் சீக்கிரமே இறுக்கிப் பிடிக்க ஆரம்பித்துவிட்டது, போன தீபாவளிக்குத் தைத்த ஜாக்கெட் மாதிரி. அதற்குப் பேர் காதல் என்று முதலில் சொன்னவள் அவள்தான். நான் அப்போது தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன், புரை ஏறிவிட்டது.

அண்ணன் தேறியதும் அவள் ஊர் திரும்பினாள். இறந்துபோன கணவர் நடத்திய டிரைவிங் ஸ்கூலை அவள்தான் நடத்துகிறாள். நான் கடையை ஒப்படைத்துவிட்டுத் தாம்பரத்துக்கே வந்துவிடுவது என்று போனிலேயே முடிவு செய்தோம். என் மகன் குகனிடம் சொன்னேன். ஜொகூரில் வேலை பார்க்கிறான். "உங்களுக்குச் சந்தோஷம்னா எனக்கு ஓகேம்மா. என் பழைய மோட்டார் சைக்கிள மட்டும் வித்துடாதீங்க லா," என்றான், எங்கள் ஊர்ப் பேச்சுக்கே உரிய 'லா'வோடு. ஷமீமாவுக்கும் ஒரு மகள். ஹாஜிரா, பன்னிரண்டாம் வகுப்பு. அவளிடமும் சொல்லியாயிற்று. அவள் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. "நீ ஒருவாட்டி வந்து இருந்துட்டுப் போ. அவ வேணாம்னா நான் அத மீறி உன்னக் கூப்பிட மாட்டேன்," என்று ஷமீமா சொல்லியிருந்தாள். நியாயம்தான். அந்தப் பெண்ணின் ஒரு வார்த்தைக்காகத்தான் நான் கடல் தாண்டி வந்திருந்தேன்.

கோகிலா மேடம் வங்கியில் அதிகாரி. குரோம்பேட்டை சிக்னல் வரைக்கும் நன்றாகத்தான் ஓட்டினார். பச்சை விழுந்ததும் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது. மறுபடி சாவியைத் திருப்பினார், மறுபடி குலுக்கல். பின்னால் பேருந்தில் ஹாரனை அழுத்தியவர் கையை எடுக்கவே இல்லை. பக்கத்தில் ஓர் ஆட்டோ வந்து நின்றது.

"இன்னாம்மா, வண்டி தூங்கிகினு கீதா? எழுப்பி வுடவா?" என்றார் ஆட்டோக்காரர்.

கோகிலா மேடத்துக்கு அழுகையே வந்துவிட்டது. ஷமீமா கண்ணாடியை இறக்கினாள். "ஏண்ணா, நீங்க பொறக்கசொல்லவே ஆட்டோ ஓட்டிகினு வந்தீங்களா?"

அந்த மனிதர் சிரித்த சிரிப்பில் பேருந்தின் ஹாரனே அடங்கிவிட்டது. ஆட்டோவை எங்களுக்கு முன்னால் கொண்டுவந்து விட்டு, "பின்னாடியே வாம்மா, எவன் இடிக்கிறான்னு பாக்கலாம்," என்று சானடோரியம் வரை வழிகாட்டிக்கொண்டே போனார். எங்கள் ஊரில் இப்படி வண்டி நின்றால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள், மனசுக்குள் திட்டிக்கொண்டு ஒதுங்கிப் போவார்கள். இங்கே வாய்விட்டுத் திட்டுகிறார்கள், கூடவே வந்து உதவுகிறார்கள். எனக்கு இரண்டாவது பிடித்திருந்தது.

வீடு, மேற்குத் தாம்பரத்தில் முடிச்சூர் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு தெருவில். கதவைத் திறந்தவர் ரஹ்மத் மாமி. ஷமீமாவின் கணவருக்கு அக்கா. கீழக்கரையிலிருந்து தம்பி வீட்டுக்கு வந்தவர், தம்பி போன பிறகும் தம்பி மனைவியோடேயே இருந்துவிட்டார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பசியாறிட்டியா?" என்று கேட்டார். நான் அப்படியே நின்றுவிட்டேன். காலை உணவைப் பசியாறுவது என்று சொல்வது நாங்கள் மலேசியாக்காரர்கள் மட்டும்தான் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். அவர்கள் வீட்டிலும் அதே சொல்தானாம். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பாதி வீட்டுக்காரியாகிவிட்டதாக எனக்கு ஒரு நினைப்பு.

மீதிப் பாதி சாயங்காலம் டியூஷன் முடிந்து வந்தது. "ஹாய் ஆன்ட்டி," என்று ஹாஜிரா சொன்னாள், பையைப் போட்டாள், அறைக்குள் போனாள். கதவு சாத்திக்கொண்டது. மரியாதையில் ஒரு குறையும் இல்லை. வங்கியில் கணக்குத் தொடங்கப் போனால் இப்படித்தான் மரியாதையாக உட்காரச் சொல்வார்கள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. நான் செய்த பிழை அன்றைக்குத்தான்.

பகல் பன்னிரண்டு மணிக்கெல்லாம் வீடு முழுக்கப் பிரியாணி மணம். ஹாஜிராவுக்குப் பள்ளி விடுமுறை, ஷமீமா வகுப்பு எடுக்கப் போயிருந்தாள். சமையலறையில் மாமியின் குரல்தான் கேட்டது, அதனால் மாமிதான் சமைக்கிறார் என்று நினைத்துக்கொண்டு கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். பாய் விரித்தார்கள். ஹாஜிரா ஒரு தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். மேலே அவித்த முட்டை, வறுத்த வெங்காயம், ஓரத்தில் நல்ல கறித்துண்டுகளாகப் பார்த்துப் பொறுக்கி வைத்திருந்தாள்.

நான் சிரித்துக்கொண்டே சொன்னேன். "அய்யோ, வெள்ளிக்கிழம நான் கவுச்சி சாப்புடறதில்லையேம்மா. தயிர் இருந்தா போதும்."

எங்கள் கிள்ளானில் இது ஒரு பேச்சே இல்லை. வெள்ளிக்கிழமை என்றால் பாதி ஊர் சைவம், கடைக்காரரே கேட்காமல் தோசை போடுவார். வெள்ளிக்கிழமைதான் ஒரு வீட்டில் விசேஷமாகக் கறி ஆக்குவார்கள் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. ஹாஜிரா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அப்புறம் உள்ளிருந்து அவள் குரல் கேட்டது. ரகசியமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசினாள்.

"பாத்தீங்களா மாமி? நம்ம வூட்ல சாப்ட மாட்டாங்களாம்."

நான் தயிர்சோற்றை எப்படி விழுங்கினேன் என்று எனக்கே தெரியாது. ஷமீமா வந்ததும் விஷயத்தைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். கிள்ளானில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எனக்குத் தோசை எடுத்துக்கொடுத்தவளே அவள்தானே, சொல்ல மறந்துவிட்டாள். அதைவிடப் பெரிய இடி அதற்கப்புறம்தான் வந்தது. சமைத்தது மாமி இல்லை. ஹாஜிரா. வாழ்க்கையில் முதல் பிரியாணி. மாமி பக்கத்தில் நின்று வாயால் மட்டும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

ஷமீமா போய் மகளிடம் விளக்கம் சொன்னாள். "ஓகே உம்மா, புரியுது," என்று பதில் வந்ததாம். கதவு அன்று முழுக்கத் திறக்கவில்லை.

சாயங்காலம் மாமி எனக்குத் தேநீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். என்னைத் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் தெருவைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"எந்தம்பி போனதுக்கப்புறம் இவ சிரிச்சு நான் பாக்கல. மலேசியாவுலேர்ந்து போன் வந்தா மட்டும் சிரிக்கிறா. மொதல்ல எனக்கு ஒண்ணும் வெளங்கல. வெளங்குனப்புறம் ரெண்டு நாள் சோறு எறங்கல. அப்புறம் யோசிச்சேன், சிரிக்கிற புள்ளைய அழ வச்சு எனக்கு என்ன கெடைக்கப்போவுது? மத்தத எல்லாம் அல்லா பாத்துக்குவான். ஆனா அந்தச் சின்னது வேற. அது அவங்க வாப்பா மாரி. வாயால ஒண்ணும் சொல்லாது. நீயாப் பாத்துக்க."

சனிக்கிழமை விடியும்போதே எழுந்துவிட்டேன். எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தேன். நேற்றைய பிரியாணி ஒரு டப்பாவில் இருந்தது. வெள்ளிக்கிழமைதான் முடிந்துவிட்டதே. சூடு பண்ணினால் சத்தம் கேட்டு யாராவது எழுந்துவிடுவார்கள் என்று, டப்பாவை அப்படியே எடுத்து நின்றுகொண்டே சாப்பிட ஆரம்பித்தேன். பல் கூசியது. நெய் உறைந்து மேலண்ணத்தில் ஒட்டியது. பாதி டப்பா காலியானபோது பின்னால் யாரோ நிற்பதுபோல இருந்தது.

"சூடு பண்ணாமயா சாப்டுறீங்க?" என்றாள் ஹாஜிரா.

திருடி அகப்பட்டவள் மாதிரி ஆகிவிட்டது. வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, "முந்தாநேத்து கேட்டிருந்தேன்னா நேத்தே நீ சூடாக் குடுத்துருப்ப," என்று என்னவோ சம்பந்தமில்லாமல் உளறினேன்.

"எப்படி இருக்கு?"

இந்த இடத்தில் எந்த விருந்தாளியும் சொல்லும் பதிலைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் பொய் சொல்லும்போது என் முகம் எனக்கு உதவி செய்யாது. "கறி பஞ்சு மாதிரி வெந்துருக்கு. உப்புதான் கொஞ்சம் தூக்கல்," என்றேன்.

"கொஞ்சமா?"

"சரி, நெறையவே."

ஹாஜிரா சமையல் மேடையில் ஏறி உட்கார்ந்தாள். "நான் ரெண்டு வாட்டி போட்டுட்டேன் ஆன்ட்டி. மாமி போடுன்னாங்க, போட்டேன். அப்புறம் மறந்துட்டு திரும்பவும் போட்டேன். உம்மாவும் மாமியும் சூப்பர் சூப்பர்னு சொல்லிட்டே சாப்டாங்க. ஆளுக்கு ஒரு சொம்பு தண்ணி குடிச்சாங்க." சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்த வீட்டுக்கு வந்த பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். இன்னொரு ஸ்பூனை எடுத்துக்கொண்டாள். இரண்டு பேரும் சேர்ந்து டப்பாவைக் காலி செய்தோம். நானும் ஒரு சொம்பு தண்ணீர் குடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சேலையூரில் ஒரு கல்யாணம். மாமியின் ஊர்க்காரர்கள் வீட்டுப் பெண்ணுக்கு. அதற்குத் தைக்கக் கொடுத்திருந்த சுடிதாரை ராஜகீழ்ப்பாக்கத்தில் போய் வாங்கிவர வேண்டும் என்று ஹாஜிரா கிளம்பினாள். வாசல் வரை போனவள் திரும்பி, "நீங்க டெய்லர்தானே, சரியா தச்சிருக்கானான்னு பாக்க வர்றீங்களா?" என்று கேட்டாள். ஷமீமா என்னைப் பார்த்தாள். நான் அதற்குள் செருப்பு மாட்டிவிட்டேன்.

பேருந்து வந்தது, ஏறினோம். பெண்களுக்குக் கட்டணம் இல்லாத பேருந்து. கண்டக்டர் எங்கே போகிறீர்கள் என்றுகூடக் கேட்காமல் இரண்டு சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார். எங்கள் ஊரில் பேருந்துக்கு அட்டையைத் தட்ட வேண்டும், தட்டினால் பணம் போகும் சத்தம் கேட்கும். இங்கே சத்தமே இல்லாமல் போகலாம் என்று நான் அதிசயப்பட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம் உப்பில் ஆரம்பித்த பேச்சு எங்கெங்கோ போயிற்று. வெளியே பார்த்தால் பெரிய பெரிய கன்டெய்னர் லாரிகள், நடுவில் வயல்.

ஹாஜிரா எழுந்து கண்டக்டரிடம் போனாள். அவர் நிதானமாகச் சொன்னார். "ராஜகீழ்ப்பாக்கம் கிழக்கால கீதும்மா. நீங்க மேக்கால வந்துகினு கீறீங்க. அடுத்து படப்பை. எறங்கி ஒரு டீ சாப்ட்டு திரும்பிப் போங்க, இன்னா இப்ப."

அவர் சொன்னபடியே செய்தோம். படப்பையில் ஒரு கடை வாசலில் டீயும் மசால் வடையும். ஒரகடத்துத் தொழிற்சாலைகளுக்குப் போகிற லாரிகள் எங்கள் டீயில் தூசி போட்டுக்கொண்டே போயின. எங்கள் ஊரில் நுரை பொங்க ஆற்றித் தரும் தே தாரேயைவிட இந்த டீ ஒரு பிடி தூக்கல் என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்கிறேன். கிள்ளானில் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

"ஒண்ணு கேக்கவா?" என்றாள் ஹாஜிரா. வடையைப் பிட்டுப் பிட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள், சாப்பிடவில்லை. "உம்மா உங்களப் பத்தி என்கிட்ட சொல்லும்போது அழுதுட்டாங்க. எனக்கு முன்னாடியே தெரியும். டெய்லி அவ்ளோ நேரம் யாராச்சும் ரொட்டி மாவு பத்திப் பேசுவாங்களா?"

"பேசமாட்டாங்க," என்றேன்.

"அது எனக்கு பிரச்சன இல்ல ஆன்ட்டி. நீங்க வந்துட்டா டிரைவிங் ஸ்கூல் பேர மாத்துவீங்களா?"

ஸ்கூலுக்கு அவள் வாப்பாவின் பேர். காரின் கதவில், வாசல் பலகையில், ஷமீமாவின் சட்டைப் பையில்கூட அந்தப் பேர்தான். இரண்டு நாளாகச் சாத்திய கதவுக்குப் பின்னால் இந்தப் பெண் பிடித்துக்கொண்டிருந்தது இதைத்தான்.

"என் கடைக்கு என்ன பேரு தெரியுமா?" என்றேன். "சேகர் தையலகம். சேகர் எனக்குத் தாலி கட்டுன ஆளு. வேற ஒரு பொண்ணோட போயிட்டாரு, குகன் அப்ப பாலர் பள்ளி. இன்னும் அதே போர்டுதான்."

"ஏன் மாத்தல?"

"நல்ல போர்டு லா. மழைக்கும் அசையல, வெயிலுக்கும் அசையல." அவள் சிரிக்கவில்லை. அதனால் மீதியையும் சொன்னேன். "விட்டுட்டுப் போனவரு பேரையே நான் கழட்டல ஹாஜிரா. உன்ன விட்டுப் போக மனசில்லாமப் போனவரு பேர நான் எதுக்குத் தொடப்போறேன்?"

அவள் லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிட்டுப் போட்ட வடையை ஒவ்வொன்றாக எடுத்துச் சாப்பிட்டு முடித்தாள். பிறகு, "பஸ் வருது," என்றாள். இந்தமுறை ஏறும் முன் கண்டக்டரிடம் இரண்டு தடவை கேட்டுக்கொண்டாள். சுடிதாரில் கை அளவு சரியில்லை. ராத்திரி சாப்பாட்டுக்கு முன் நானே பிரித்துத் தைத்துக் கொடுத்தேன். தாங்ஸ் என்று சொல்லிவிட்டுப் போனாள். சரியா, கூடாதா என்கிற அந்த ஒரு வார்த்தை மட்டும் வரவில்லை. கேட்கவும் எனக்குத் தைரியம் இல்லை.

ஞாயிறு. சேலையூர் மண்டபத்தில் பெண்களுக்கு மாடியில் பந்தி. கீழக்கரைக்காரர்கள் வழக்கப்படி தரையில் பாய் விரித்து, மேலே வெள்ளைத் துணி விரித்து, வரிசையாக அகலமான பெரிய தட்டுகளை வைத்திருந்தார்கள். அந்தத் தட்டுக்குச் சகன் என்று பேர். ஒரு சகனில் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள். நெய்ச்சோறு மலைபோல நடுவில், சுற்றிக் கல்யாண விருந்துக்கென்று ஆக்கும் களறிக் கறி, கத்திரிக்காய், தால்ச்சா. ஓரமாக ஒரு மேசையில் தனித்தனித் தட்டும் நாற்காலியும் போட்டிருந்தார்கள். பழக்கமில்லாத வெளி ஆட்களுக்கு அது.

மாமியும் ஷமீமாவும் ஹாஜிராவும் ஒரு சகனைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பந்தியைக் கவனித்துக்கொண்டிருந்த அம்மா என்னிடம் வந்து, ரொம்ப அன்பாகத்தான் சொன்னார். "நீங்க மலேசியா ஃபிரண்டுதானே? உங்களுக்கு அங்க டேபிள் இருக்கும்மா, வசதியா ஒக்காருங்க. ஷமீமா, உங்க சகனுக்கு ஒரு ஆள் கொறையுது, நான் ஒரு புள்ளைய அனுப்புறேன்."

ஷமீமா வெள்ளைத் துணியின் மடிப்பை நீவிவிட்டுக்கொண்டிருந்தாள். சிக்னலில் நடுரோட்டில் ஆட்டோக்காரருக்குப் பதில் சொன்ன வாய், ஊர்க்காரர்கள் நடுவில் திறக்கவில்லை. எனக்கு அவள்மேல் கோபம் இல்லை. நானாக இருந்தாலும் கிள்ளானில் ஒரு கல்யாணத்தில் அப்படித்தான் இருந்திருப்பேன். பரவாயில்லை என்று சிரித்துக்கொண்டு மேசைப் பக்கம் திரும்பினேன்.

"ஆள் அனுப்ப வேணாம்க்கா," என்றாள் ஹாஜிரா. "நாங்க நாலு பேர்தான்."

"மூணு பேர்தானேம்மா இருக்கீங்க?"

"இவங்களோட நாலு. இவங்க எங்க வூட்டு ஆளு."

அந்த அம்மா என்னைப் பார்த்தார், மாமியைப் பார்த்தார். மாமி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "ஆமா, எங்க ஆளுதான். சோத்தப் போடச் சொல்லு, ஆறிப் போவுது," என்றார். அந்த அம்மா போய்விட்டார். நான் முட்டி மடக்கி உட்காருவதற்குள் பட்ட பாட்டைப் பார்த்துப் பக்கத்துச் சகனில் ரெண்டு பெண்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

"உம்பக்கத்துலேர்ந்து எடுத்துச் சாப்புடு லெட்சுமி. நடுவுல கைய வச்சா மலை சரிஞ்சுடும்," என்று மாமி பாடம் எடுத்தார். என் பக்கத்தில் கறி இல்லை. ஹாஜிரா தன் பக்கத்திலிருந்து ஒரு நல்லி எலும்பை இரண்டு விரலால் என் பக்கமாகத் தள்ளினாள். ஷமீமா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாயில் வைக்கவே இல்லை. கண்ணைத் துடைக்க முடியாமல் கையெல்லாம் நெய்.

"சாப்புடுடி," என்றார் மாமி. "நீ அழுது முடிக்கிறதுக்குள்ள நாங்க மூணு பேரும் முடிச்சிடுவோம்."

ஹாஜிரா குனிந்தபடியே என்னிடம் கேட்டாள். "கடைய குடுத்துட்டு எப்ப வர்றீங்க?"

ஐப்பசி, கார்த்திகை ஆகலாம் என்றேன்.

"ஐயோ, அப்ப வேணாம் ஆன்ட்டி. மழை வந்தா முடிச்சூர் ரோடே தெரியாது, பெட்டிய தலையில தூக்கினு வரணும். மழைக்கு முன்னாடியே வந்துடுங்க."

வாய் நிறைய நெய்ச்சோறு. பதில் சொல்ல இடமில்லை. தலையைத்தான் ஆட்டினேன், பக்கத்துச் சகனுக்கும் தெரிகிற மாதிரி.